‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போனவளுக்காக

ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் ஆள் எடுக்கும் பொறுப்பிலும், வந்தவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பிலும் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு பெண் வேலையை விட்டாள். இயந்திரவியல் படித்தவள். மூன்று வருடம் பராமரிப்பு வேலையில் இருந்தாள். ராஜினாமாப் படிவத்தில் ‘விலகுவதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். “உண்மையை எழுதேன்” என்றேன்.

“எதை எழுதுறது மேடம்? யாரும் என்னைத் திட்டல. யாரும் தப்பா நடந்துக்கல. எல்லாரும் நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. ஆனா மூணு வருஷத்துல ஒரு பம்ப்பைக்கூட நான் தனியா பிரிச்சது கிடையாது. இதை இந்தக் கட்டத்துக்குள்ள எப்படி எழுதுவேன்?”

எனக்கும் பதில் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது வேறொரு இடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து கொள்முதல் பட்டியல் தயாரிக்கிறாள். அந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டுப் படித்தது அதற்காக இல்லை. அடுத்த முறை ஒரு பெண் விண்ணப்பிக்கும்போது, ‘பெண்களை எடுத்தா ரெண்டு மூணு வருஷத்துல போயிடுறாங்க சார்’ என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஆதாரமாக இவளுடைய படிவத்தையே எடுத்துக் காட்டுவார்கள். அப்படி நடப்பதற்கு முன்னால், அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியாமல் போனதை நான் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நானும் பராமரிப்புப் பிரிவில்தான் இருக்கிறேன், 23 வருடமாக. அவளுக்கு நேர் மேலதிகாரி நான் இல்லை. ஆனாலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். மூன்று வருடமும் அவள் கையில் ஸ்பேனர் இல்லை, நோட்டுதான் இருந்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அந்த உறுத்தலோடுதான் இதை எழுதுகிறேன்.

‘கதவைத்தான் திறந்துவிட்டோமே, இன்னும் என்ன?’ என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கதவு திறந்தது உண்மைதான். நான் வேலை தேடிய காலத்தில் விளம்பரத்திலேயே ‘ஆண்கள் மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். இன்று அப்படிப் போட யோசிக்கிறார்கள். ஆனால் உள்ளே வந்தவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததால் அவளைப் பாதுகாக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். ‘உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?’ ‘நீ தள்ளி நில்லு, பசங்க பார்த்துப்பாங்க.’ ‘நைட் ஷிஃப்ட் உனக்கு வேண்டாம், நான் சொல்லிக்கிறேன்.’ மூன்றுமே அன்பாகச் சொல்லப்படுகிறவை, அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு பெண்ணின் தொழில் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். அதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

எங்கள் வேலை கைவழியாக வருவது. படிப்பு அடிப்படையைக் கொடுக்கும். மீதியைப் பழுதுதான் சொல்லிக்கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றுபோய், உற்பத்திப் பிரிவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடித்துக்கொண்டிருக்கும்போது, கையில் டார்ச்சோடு குனிந்து பார்த்து ‘இதுதான் கோளாறு’ என்று ஒருவன் சொல்கிறானே, அந்த இரவில்தான் அவன் தொழில்காரன் ஆகிறான். அவனுடைய பெயர் மேலே போகிறது. இரண்டு வருடம் கழித்து யாரை ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆக்கலாம் என்ற பேச்சு வரும்போது அந்த இரவுகளைத்தான் எல்லோரும் நினைத்துப் பார்க்கிறார்கள். அந்த இரவுகளிலெல்லாம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘அவளுக்கு அனுபவம் போதாது’ என்று பிறகு சொல்வது அநியாயம்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். குளிர்நீர் பம்ப் ஒன்றில் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், போய்விட்டது. என்னோடு சேர்ந்த இரண்டு பையன்களும் நானும் போனோம். ஃபோர்மேன் எங்களைப் பார்த்தார். ஒருவனிடம் பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரைக் கொடுத்தார். இன்னொருவனிடம் மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றச் சொன்னார். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, “நீ ரிப்போர்ட் எழுதும்மா, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு” என்றார். பாராட்டுதானே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பையன்கள் இருவரும் பேரிங் மாற்றக் கற்றுவிட்டார்கள். என்னிடம் மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன.

என்னைக் காப்பாற்றியது, ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒரு மூத்த ஃபிட்டர். ஒருநாள் மதியம் என் மேசைப் பக்கம் வந்து நின்று, “ஏம்மா, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு இங்க வந்து கணக்குப்பிள்ளை வேலையா பாக்குற?” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, “வா” என்று பம்ப் வரிசைக்குக் கூட்டிப் போனார். முனையை ஓடிக்கொண்டிருந்த பம்ப்பின் பேரிங் கூட்டின் மேல் வைத்தார். பிடியை என் காதோரம் எலும்பில் வைத்து அழுத்தினார். அத்தனை இரைச்சலும் விலகி, உள்ளே ஓடுவது மட்டும் கேட்டது. “நல்ல பேரிங் ஒரே சீரா ஓடும். கிரீஸ் வத்திப்போனது சலசலக்கும். ஓடுபாதையில குழி விழுந்திருந்தா தட்டித் தட்டி வரும். இப்ப சொல்லு, இது எது?” ஐந்து பம்ப்புக்கும் அப்படியே கேட்டார். நான்காவதில் தட்டுவது கேட்டது. சொன்னேன். “அப்ப நீயே மாத்து” என்றார்.

புது பேரிங்கை ஹீட்டரில் வைத்து 110 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். சூட்டில் அது நூலளவு விரியும். அந்தச் சில நொடிக்குள் எடுத்துத் தண்டில் நேராக நுழைத்து, தண்டு தடிக்கும் இடத்தில் முட்டும் வரை தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கி வழியில் நின்றுவிட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், பேரிங் வீண். அன்று என் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் நுழைந்துவிட்டது. அவர் பின்னால் நின்றாரே தவிர, கையை நீட்டவே இல்லை. அவர் எனக்குச் செய்த உதவியிலேயே பெரியது அந்தக் கையை நீட்டாமல் நின்றதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இதில் எங்கே உடல் பலம் வந்தது? பலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் போலப் பேசுகிறீர்களே, அதற்காகக் கேட்கிறேன். 200 கிலோ மோட்டாரை எந்த ஆணும் கையால் தூக்குவதில்லை. சங்கிலியும் கப்பியும் கொண்ட செயின் பிளாக் தூக்குகிறது. இறுகிப்போன போல்ட்டை நீளமான பிடி அசைக்கிறது. தூக்கக் கூடாததைத் தூக்கி முதுகு போன ஆண்கள் எத்தனை பேர் உங்கள் பிரிவிலேயே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் உச்ச எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நான் அறிந்த ஒரு மேலாளர், ‘பெண்கள் வந்ததால ட்ராலி வாங்க வேண்டியதாப் போச்சு’ என்று குறைபட்டார். அந்த ட்ராலியை அதிகமாகத் தள்ளிக்கொண்டு போனது நாற்பதைத் தாண்டிய ஆண்கள்தான். அவர்களுக்கு அது இருபது வருடத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களை வெளியே நிறுத்துவது புதிது இல்லை. இங்கிலாந்தில் 1842-க்கு முன்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை பார்த்தார்கள். அங்கே நிலைமை கொடூரமாகத்தான் இருந்தது, ஆண்களுக்கும் சேர்த்து. அந்த வருடம் வந்த சட்டம் பெண்களையும் சிறுமிகளையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் நிலத்தடி வேலையிலிருந்து எடுத்துவிட்டது. குழந்தைகளை மீட்டது சரி. ஆனால் வளர்ந்த பெண்ணையும் குழந்தையையும் ஒரே வரியில் வைத்துவிட்டார்கள். சுரங்கத்தைச் சரிசெய்வதைவிடப் பெண்ணை வெளியேற்றுவது சுலபமாக இருந்தது. 1935-ல் பெண்களின் நிலத்தடி வேலையைத் தடைசெய்ய ஒரு சர்வதேச உடன்படிக்கையே வந்தது. 2024-ல்தான் அதை ரத்து செய்தார்கள். இவ்வளவு காலம் கழித்துத் திரும்பிப் பார்த்து, ‘சுரங்கம் ஆண்கள் வேலை, பெண்கள் அங்கே இருந்ததே இல்லை’ என்கிறோம். இருந்தார்கள். எடுத்துவிட்டோம்.

ரஷ்யாவில் பெண்கள் பார்க்கக் கூடாத வேலைகள் என்று 456 வேலைகளின் பட்டியல் இருந்தது. ஸ்வெத்லானா மெத்வெதேவா என்ற பெண் கப்பல் செலுத்தும் படிப்பை முறையாக முடித்தவர். 2012-ல் கப்பலில் சுக்கான் பிடிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தார். முதலில் சரி என்றவர்கள், பிறகு அந்தப் பட்டியலைக் காட்டி முடியாது என்றுவிட்டார்கள். உடல்நலத்துக்குக் கேடாம். அவர் விடவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் களைவதற்கான ஐ.நா. குழு வரை போனார். 2016-ல் குழு அவர் பக்கம் நின்றது. 2021 ஜனவரியில் அந்தப் பட்டியல் நூறு வேலைகளாகச் சுருங்கியது. அதே மாதம் மாஸ்கோ மெட்ரோவில் பெண்கள் மறுபடியும் ரயில் ஓட்டத் தொடங்கினார்கள். பெண்ணின் உடல் மாறவில்லை. ஒரு தாள்தான் மாறியது.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் பேட்டரி தயாரித்தது. பேட்டரி என்றால் ஈயம். ஈயம் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். அதனால் 1982-ல் ஒரு விதி போட்டார்கள்: குழந்தை பெற முடியாது என்று மருத்துவச் சான்று தந்தால் ஒழிய, எந்தப் பெண்ணும் ஈயம் உள்ள இடத்தில் வேலை பார்க்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வேலையை இழக்க முடியாத ஒரு பெண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். விவாகரத்தான ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுச் சம்பளத்தில் அடி வாங்கினார். ஒரு ஆண் தொழிலாளி, ‘நான் அப்பா ஆக நினைக்கிறேன், உடம்பில் ஈயத்தின் அளவு இறங்கும் வரை விடுப்பு வேண்டும்’ என்று கேட்டார். அவருக்குக் கொடுக்கவில்லை. ஈயம் ஆணின் உடலையும் கெடுக்கும் என்பதை அந்த விதி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. பிறக்கப் போகும் குழந்தையின் நலனைப் பற்றிய முடிவு பெற்றோருடையது, முதலாளியுடையது இல்லை என்று சொன்னது.

அந்தத் தீர்ப்பை நான் படித்தபோது எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போட்ட விதி, அவளை அறுவை சிகிச்சை மேசை வரை கொண்டுபோய்விட்டது. அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

கேட்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. உண்மையான ஆபத்து இருக்கும் இடத்திலாவது அவள்மேல் அக்கறை இருக்கிறதா என்று பார்த்தால், அங்கேயும் இல்லை. பாதுகாப்புக் காலணியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த அன்று ஸ்டோரில் இருந்த மிகச் சிறிய காலணியே என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. முனையில் பஞ்சுக் கழிவை அடைத்துக்கொண்டு நடந்தேன். இரும்புப் படியில் ஏறும்போது குதிகால் கழன்று கழன்று வரும். கையுறை இன்னும் மோசம். விரல் நுனிக்கு அப்பால் ஒரு அங்குலம் காலியாக ஆடிக்கொண்டிருக்கும். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் அப்படி ஆடும் துணி என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை நுனி மாட்டி, கையைச் சட்டென்று உருவிக்கொண்டேன். கையுறை மட்டும் போனது. விபத்துப் பதிவேட்டில் அது ‘கவனக்குறைவு’ என்று ஏறியது. என் கவனக்குறைவு.

இது எங்கள் ஆலைக் கதை மட்டும் இல்லை. விண்வெளி வரை இதே கதைதான். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடக்கப் போவதாக நாசா அறிவித்தது. கடைசியில் அது நடக்கவில்லை. இருவருக்கும் நடுத்தர அளவு உடுப்பின் மேற்பகுதி பொருந்தியது. அந்த நாளுக்குத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று. அந்த நடை அக்டோபரில்தான் நடந்தது, கிறிஸ்டினா கோக்கும் ஜெசிகா மெய்ரும் போனார்கள். கார்களை மோதிப் பார்த்துச் சோதிக்கும் பொம்மைகள் பல காலம் சராசரி ஆணின் உடலை வைத்தே செய்யப்பட்டன. சீட் பெல்ட் போட்டிருந்தாலும், நேருக்கு நேர் மோதும் விபத்தில் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் கண்டார்கள். கட்டுமானத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலுக்குப் பொருந்தும் பாதுகாப்புக் கருவி தர வேண்டும் என்று அமெரிக்காவில் தெளிவாகச் சொல்லும் விதியே 2025 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. இரவு வேலை ஆபத்து என்று அவளை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், பகலில் அவள் கைக்குப் பொருந்தாத கையுறையைக் கொடுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள்.

கழிவறையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெண்களுக்கான கழிவறை நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். ‘எங்கம்மா போயிருந்த?’ என்ற கேள்விக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். கொதிகலனுக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு. மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மூன்று முறையும் விடுப்புக்குக் காரணம் ‘காய்ச்சல்’ என்று எழுதினேன். நானும் உண்மையை எழுதவில்லை, பார்த்தீர்களா? தளங்களிலும் கப்பல்களிலும் இருக்கும் பெண்களோடு பேசும்போது எல்லோருமே இதே கதையைச் சொல்கிறார்கள்.

நேர்காணலுக்கு வருவோம். எனக்கு முன்னால் உள்ளே போன பையன் வெளியே வந்து, “பம்ப்புல கேவிட்டேஷன் ஏன் வருதுன்னு கேட்டாங்க, சரியாச் சொல்லல” என்றான். எனக்கு அது அத்துப்படி. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து தண்ணீர் குமிழாக மாறுவது, அந்தக் குமிழ் வெடித்து, பம்ப்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரை அரிப்பது, எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிவிட்டு உள்ளே போனேன். என்னிடம் கேட்டது: ‘கல்யாணம் எப்போ?’ ‘வீட்டுல ஒத்துக்குவாங்களா?’ ‘குழந்தை பிறந்தா என்ன பண்ணுவீங்க?’ எனக்குப் பின்னால் போன பையனிடம் மறுபடியும் பம்ப். இந்தக் கேள்விகள் தவறு என்று உங்களுக்கு இப்போது தெரியும் என்று நம்புகிறேன். தெரிந்தும் சுற்றி வளைத்து, ‘வெளியூர் போக வேண்டியிருக்கும், பரவாயில்லையா?’ என்று பெண்ணிடம் மட்டும் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆணுக்கும் குழந்தை பிறக்கிறது, அவனுக்கும் வீடு இருக்கிறது. அவனிடமும் கேளுங்கள், இல்லையென்றால் இருவரிடமும் கேட்காதீர்கள்.

‘அவர்களுக்கே இதில் ஆர்வம் இல்லை, நாங்கள் என்ன செய்வது?’ என்பது அடுத்தது. கணினி நிரல் எழுதுவதைப் பாருங்கள். 1940-களில் எனியாக் என்ற பெரிய கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்று அது எழுத்தர் வேலை மாதிரி கருதப்பட்டது. அமெரிக்காவில் 1984 வாக்கில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் பெண்கள். அந்த வேலைக்குப் பணமும் மதிப்பும் ஏற ஏற அவர்களின் பங்கு இறங்கி, 2010 வாக்கில் பாதியாகிவிட்டது. பெண்களின் பிறவி ஆர்வம் 25 வருடத்தில் பாதியாகக் குறையுமா? ஆர்வம் என்பது கண்ணால் பார்ப்பதிலிருந்தும் வருவது. உலகம் முழுக்கக் கப்பல் பணியாளர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று 2021-ல் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு 1.28 பேர்தான் இருந்தார்கள். அப்படியொரு கப்பலில் தன்னைப் போல ஒருத்தியைக்கூடப் பார்க்காத சிறுமி, கேப்டன் ஆக வேண்டும் என்று எங்கிருந்து ஆசைப்படுவாள்?

ஒரே ஒருத்தியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் நின்றவளுக்குத்தான் தெரியும். என்னோடு சேர்ந்த பையன் ஒருமுறை வால்வைத் தலைகீழாக மாட்டினான். பத்து நாள் கிண்டல் செய்தார்கள், அப்புறம் மறந்துபோனார்கள். நான் ஒருமுறை கப்ளிங்கை நேராக்கும்போது, நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜை 0.1 மிமீ தவறாகப் படித்தேன். ‘அன்னைக்கே சொன்னேன், பொம்பளைங்களுக்கு இது சரிப்படாதுன்னு’ என்றார் ஒருவர். அவன் தவறு அவனோடு போனது. என் தவறு எனக்குப் பின்னால் வரப்போகும் எல்லாப் பெண்களின் கணக்கிலும் ஏறியது. அதற்குப் பயந்து ஒவ்வொரு அளவையும் மூன்று முறை பார்ப்பேன், சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டேன். கேட்டால் ‘தெரியவில்லை’ என்று ஆகிவிடுமே. கேட்காமல் எந்தத் தொழிலைக் கற்க முடியும்? முடிந்தால் இரண்டு பெண்களையாவது ஒரே ஷிஃப்ட்டில் போடுங்கள். இரண்டாமவள் வந்த அன்று என் தோளிலிருந்து பாதிச் சுமை இறங்கியதை நான் மறக்கவே மாட்டேன்.

தொந்தரவைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. அதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. வேலையிடத்தில் வன்முறையும் தொந்தரவும் கூடாது என்று 2019-ல் சர்வதேச உடன்படிக்கையே வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் இடத்தில் ஒரு பெண் புகார் கொடுக்க வேண்டுமானால் யாரிடம் போவாள்? அவளுக்கு ஷிஃப்ட் போடுகிறவரிடமே போக வேண்டியிருந்தால், அங்கே புகார் வராது. புகார் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெண்கள் தினத்தன்று பூ வேண்டாம். உங்கள் பிரிவில் போன ஆறு மாதத்தில் வந்த பழுதுப் பணித்தாள்களை எடுத்து மேசைமேல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வேலையைச் செய்தவர் பெயர் இருக்கும். பெண்களின் பெயர் எத்தனை தாளில், எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ‘பதிவு செய்தவர்’ என்ற இடத்தில் மட்டுமே இருந்தால், நீங்கள் ஒரு பொறியாளரை எடுத்து எழுத்தர் ஆக்கிவிட்டீர்கள். அடுத்த பழுதுக்கு அவளை முதல் ஆளாக அனுப்புங்கள். தவறு செய்யட்டும். அந்தப் பையன்களுக்குக் கொடுத்த அதே பத்து நாள் கிண்டலோடு விடுங்கள்.

இரவு ஷிஃப்ட் வேண்டுமா வேண்டாமா என்று அவளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. வேண்டும் என்றால், வீடு வரை வண்டியும், வெளிச்சமுள்ள வழியும், பக்கத்திலேயே கழிவறையும் ஏற்பாடு செய்வது உங்கள் வேலை. அவளுடைய அப்பாவோ கணவரோ பயப்படுகிறார் என்றால், அந்தப் பயத்தில் பாதி நீங்கள் வண்டி அனுப்பாததால் வந்தது. குழந்தை பெற்றுவிட்டுத் திரும்பி வருகிறவளைக் ‘கொஞ்ச நாள் லேசான வேலை பார்’ என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று முதல் நாளே தேதி போட்டுச் சொல்லுங்கள். எனக்கு யாரும் தேதி சொல்லவில்லை. எனக்குக் கீழே பழகியவர் எனக்கு மேலே வந்த பிறகுதான் நானே போய்க் கேட்டேன்.

அப்புறம், கற்றுக்கொடுக்கிற மூத்தவர்களைக் கொண்டாடுங்கள். அந்த ஃபிட்டர் ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். அவர் ஒரு பெண்ணைத் தொழில்காரி ஆக்கினார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று எழுந்து பேசத் தைரியம் வரவில்லை. கிளம்பும்போது அந்த நீள ஸ்க்ரூடிரைவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிடியில் அவர் கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் அதைவிடச் சிறியது, ஆனாலும் அதிலேயே பழகிவிட்டது.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை எங்கள் பிரிவுக்கு இரண்டு பயிற்சியாளர்கள் வருகிறார்கள். ஒருத்தி பெண். அவளுடைய காலணி அளவு 4 என்று போனில் கேட்டு வைத்துக்கொண்டேன். ஸ்டோரில் 6-க்குக் கீழே இல்லை என்றார்கள். எழுதிக் கொடுத்து வரவழைத்திருக்கிறேன். கையுறையும் வந்துவிட்டது. அந்த வாரம் மூன்றாம் எண் பம்ப்பைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பணித்தாளில் ‘வேலையைச் செய்பவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன். நான் பின்னால் நிற்பேன், கையை நீட்ட மாட்டேன்.

உங்கள் இடத்திலும் ஒருத்தி வரப்போகிறாள் என்றால், அவள் காலணி அளவு என்ன என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவில் 23 வருடமாக வேலை பார்க்கும் ஒருத்தி